பின்கட்டு வெள்ளைப் பூ

கிழக்குத் தலைநகர், விசாரணை மன்றத்துச் சிறை
மூன்றாம் மாதம், இருபதாம் நாள்

அக்கா,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். அதற்கு முன் ஒரு தரம் படித்துவிடு. மூன்று வருஷமாக நீ எனக்கு ஒரு வரி எழுதவில்லை. புத்தாண்டுக்கு நான் அனுப்பிய பட்டுத் துணியை வந்த வழியே திருப்பி அனுப்பினாய். அதோடு எனக்கும் ரோஷம் வந்து நானும் எழுதவில்லை. இப்போது ரோஷத்துக்கெல்லாம் இடமில்லை. சிறையில் இருக்கிறேன்.

பயப்படாதே, யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. பூக்களைப் பாடிவிட்டேன்.

பெரிய அமைச்சரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள், கேள்விப்பட்டிருப்பாய். அவர் தோட்டத்தில் வருஷா வருஷம் பூ பார்க்கக் கூடுவோமே, அங்கே வாசித்த கவிதைகளை எல்லாம் மன்றம் வாரிக்கொண்டு வந்துவிட்டது. அரச நூலகத்தில் ஏடு சரிபார்க்கிற என்னைப் போன்ற பொடியனையும் விடவில்லை. ஒவ்வொரு வரிக்கும் 'இது யாரைக் குறிக்கிறது' என்று என் கையாலேயே எழுதித் தரவேண்டும். அதுதான் விசாரணை. பிளம் பூவா, பனியில் பூக்கிற மானஸ்தன். தாமரையா, சேற்றில் முளைத்தும் அழுக்குப் படாதவன். செவ்வந்தியா, பதவியை உதறிவிட்டுத் தோட்டம் கொத்தப் போனவன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூட இதைச் சொல்லும். அவர்களும் தலையாட்டி வாங்கிக்கொண்டார்கள்.

மாட்டிக்கொண்டது 'வெள்ளைப் பியோனி' என்ற பூக் கவிதையில். உன்னுடையதில்.

விசாரிக்கிறவர் பெயர் கோங். சத்தம் போடாதவர், தேநீர் கூடத் தருகிறார். "இங்க பாருங்க மெங் சோங், ஒரு ஆம்பிளை, அதுவும் அரச நூலகத்துல உக்காந்து சம்பளம் வாங்குறவரு, வெறும் பூவுக்காக இப்படி அழுவாரா? பூன்னா யாரு? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்கிறார். ஒன்றும் இல்லை என்றால், பெரிதாக எதையோ மறைக்கிறேன் என்று எழுதிக்கொள்கிறார்.

நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் அவர்கள் கையில் இருப்பது எப்படி இருக்கிறது என்று பார்:

ஊர் முழுதும் மஞ்சளைப் பார்க்கப் போயிற்று.
பின்கட்டு வெள்ளைக்குத் துணை யாருமில்லை.
மற்ற மொட்டெல்லாம் இறுகிக் கிடக்க
யார் அவிழ்த்தார்கள் உன்னை, இத்தனை சீக்கிரம்?
நேற்றைய மழை மண்ணில் காயவில்லை.
விளக்குமாறே, இந்த மூலையை விட்டுவிடு.

குழந்தையை நினைத்து எழுதியது என்று தெரியும். ஆனால் வரி வரியாகத் தெரியாது. மழை எது, விளக்குமாறு எது? நான் எழுதாத கவிதைக்கு என்னை உரை எழுதச் சொல்கிறார்கள். நீதான் சொல்லித் தரவேண்டும். சிறைக் காவலனின் மனைவி துணி துவைக்க எடுத்துப் போகும்போது கடிதமும் போகும், வரும். நல்லவள்.

உன் தம்பி,
சோங்

*

லோயாங்
மூன்றாம் மாதம், இருபத்தேழாம் நாள்

சோங்,

'குழந்தை' என்று எழுதியிருக்கிறாய். பெயரைச் சொல்ல உனக்கும் வாய் வரவில்லையா? மின்மின். இந்த வீட்டில்தான் யாரும் சொல்வதில்லை. உங்கள் அத்தானின் கட்டளை. நீயாவது சொல்லலாம்.

சிறை என்று படித்ததும் பயந்தது உண்மை. அடுத்த பத்தியிலேயே கோபமும் வந்தது, அதுவும் உண்மை. அந்தக் கவிதையை உனக்கு மட்டும் என்று அனுப்பினேன். அப்பா நம் இருவருக்கும் ஒரே பலகையில்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். ஆனாலும் பெண் எழுதியது வாசல் தாண்டக் கூடாது என்பது உனக்குத் தெரியும். அடுத்த வசந்தத்தில் பூ விருந்தில் உன்னை எழுப்பிவிட்டு ஒன்று பாடச் சொன்னார்களாம், உன்னிடம் சரக்கு இல்லையாம், என்னுடையதை எடுத்து நீட்டிவிட்டாயாம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! எல்லோரும் கோப்பையைத் தூக்கிப் பாராட்டினார்கள் என்று பெருமையாக வேறு எனக்கு எழுதினாய். நான் பட்டுத் துணியைத் திருப்பி அனுப்பாமல் மடியில் வைத்துக் கொஞ்சவா?

எட்டு வயது நிரம்பாத பிள்ளை போனால் துக்க வெள்ளை உடுத்தக் கூடாது. சடங்கு நூல் அப்படித்தான் சொல்கிறது. பெயர் எழுதி வைத்துக் கும்பிடப் பலகை கிடையாது, தூபம் கிடையாது, வாய்விட்டு அழுதால் வீட்டுக்கு ஆகாது. அவளுக்கு ஆறு. மறுநாளே நான் சிவப்புப் பாவாடையில் விருந்தாளிகளுக்குத் தேநீர் ஊற்றினேன். அவளுக்கென்று நான் வைத்த ஒரே பலகை அந்த ஆறு வரிதான். தலைப்பும் வைத்திருந்தேன்: 'மகள் மின்மின் ஆறு வயதில் போனபின், பின்கட்டைப் பார்த்து.' அதை நீ வெட்டிவிட்டு 'வெள்ளைப் பியோனி' என்று போட்டுக்கொண்டாய். தலைப்பு இருந்திருந்தால் இன்று யாரும் உன்னைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

சரி, கேட்டுக்கொள். இங்கே பூ என்றாலே பியோனிதான், அதிலும் அரிதான மஞ்சளுக்குத்தான் கூட்டம், பூ பார்க்கும் நாளில் வீட்டில் ஒரு ஈ காக்கை இருக்காது. அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். மேலதிகாரியின் மனைவி வருகிறாள், நீ இல்லாவிட்டால் மரியாதையில்லை என்று அவர் என்னை மஞ்சள் பூ பார்க்க இழுத்துப் போனார். நீயும்தான் கூடக் கிளம்பினாய், கூட்டத்தில் பிரிந்து அப்படியே தலைநகருக்குப் போய்விட்டாய் என்று நினைத்தோம். பின்கட்டு அறையில் அவள் தனியாகக் கிடந்தாள். அது முதல் இரண்டு வரி.

அவள் ஜன்னலுக்கு வெளியே இருந்த வெள்ளைச் செடியில் எல்லாம் பச்சை மொட்டு. நான் திரும்பி வந்தபோது அவளுக்கு நினைவில்லை, விடிவதற்குள் போய்விட்டாள். காலையில் பார்க்கிறேன், ஒரே ஒரு மொட்டு மட்டும் முழுதாக விரிந்திருக்கிறது. மற்றதெல்லாம் அப்படியே இறுகியிருக்கிறது. யார் அவிழ்த்தார்கள் அதை? எது அதை அவிழ்த்ததோ அதுதான் அவளையும் கொண்டுபோனது என்று அன்றே நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மழை, மழைதான். புதைத்த அன்று பெய்தது. சரிவில் மண் பல நாள் காயவில்லை.

விளக்குமாற்றைக் கேட்காதே. சரி, கேட்டுவிட்டாய். அந்த மூலையில்தான் உதிர்ந்த இதழை அள்ளி வாதுமைக் கொட்டை ஓட்டில் போட்டு 'சோறு' ஆக்குவாள். அவள் ஆக்கி வைத்த சோறு அங்கேயே இருந்தது. வேலைக்காரி பெருக்க வந்தாள். நான் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

போதுமா உரை?

ருயி

*

மன்றத்துச் சிறை
நான்காம் மாதம், எட்டாம் நாள்

அக்கா,

படித்தேன். அந்த நான்காவது வரியைப் பற்றி நான் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்போது வேண்டாம், பிறகு.

நேற்று கோங்கிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. நான் எழுதியதுதான், என் அக்காள் மகள் ஆறு வயதில் போனாள், அவளை நினைத்து எழுதினேன் என்றேன். நீ எழுதியபடி வரி வரியாகச் சொன்னேன். விளக்குமாற்றைக் கூட விடவில்லை.

அவர் சிரித்தார். "ஆறு வயசா? பெத்த தாயே துக்கம் காக்கக் கூடாது. தாய்மாமன் நீங்க, பெரிய அமைச்சர் வீட்டு விருந்துல, எழுந்து நின்னு பாடுனீங்களா? நம்புற மாதிரி ஏதாவது சொல்லுங்க தம்பி."

ஆறு வயதுக்கு அழ விதியில்லை, எட்டு வயதுக்கு அரியணையே உண்டு என்று நாக்கு நுனி வரை வந்தது. நம் இளைய அரசர் எட்டு வயதில்தான் அமர்ந்தார் அல்லவா. நல்ல வேளை, விழுங்கிவிட்டேன்.

ஆனால் அவர் சும்மா விடவில்லை. லோயாங்குக்கு ஆள் அனுப்பி அத்தானை விசாரிக்கப் போகிறார். எனக்கு உயிர் வந்தது! அத்தானுக்கு என்னைப் பிடிக்காது, தெரியும். பிடிக்க வேண்டாம். 'மகள் இருந்தாள், போய்விட்டாள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முத்திரை வைத்த அதிகாரியின் வார்த்தை. தாமரை பூப்பதற்குள் வெளியே வந்துவிடுவேன். வந்ததும் நேராக லோயாங் வருகிறேன். வாசலில் நிற்க வைத்துத் திட்டு.

சோங்

*

லோயாங்
நான்காம் மாதம், பத்தொன்பதாம் நாள்

சோங்,

ஆள் வந்தான். கூடத்தில் உட்கார்ந்து, பூசணி விதை கொறித்துக்கொண்டே கேட்டான். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். உங்கள் அத்தான் எவ்வளவு நிதானமாகப் பேசினார் தெரியுமா?

"எனக்கு ஒரே பிள்ளைங்க. அதோ நிக்கிறானே ஹெங், அவன்தான். பொண்ணு கிண்ணு எதுவும் கிடையாது."

"உங்க மச்சினர் வேற மாதிரி சொல்றாரே?"

"அவன் கவிஞன். வாயில வந்ததைச் சொல்வான்."

எழுதி, முத்திரையும் வைத்துக் கொடுத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். என் கண் முன்னால் மறைத்தார், சோங்.

ஆள் போனபின் அடுப்படிக்கு வந்து நின்றார். "ருயி, அந்தக் கவிதை இந்த வீட்டைப் பத்தினதுன்னு ஆச்சுன்னா நாளைக்கு நான் உள்ள இருப்பேன். குடும்ப ஏட்டுல அவ பேர் இல்ல. பலகை இல்ல. ஏட்டுல இருக்கறதைத்தானே சொன்னேன்? அதுல பொய் எங்க?" என்றார். விரலில் ஒட்டிய முத்திரை மையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு கணம் பாவமாகக் கூட இருந்தது. உடனே அந்தப் பாவத்தின் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

நாளை மறுநாள் தலைநகருக்குச் சரக்கு வண்டி ஒன்று போகிறது. நான் வருகிறேன். எழுதியது நான்தான் என்று உன் கோங்கிடம் சொல்கிறேன். நம்பாவிட்டால் ஒரு பூவும் ஒரு யாப்பும் கொடுக்கட்டும், அவர் முன்னாலேயே எழுதிக் காட்டுகிறேன்.

ருயி

*

மன்றத்துச் சிறை
நான்காம் மாதம், இருபத்துநான்காம் நாள்

அக்கா,

வராதே. வண்டி ஏறிவிட்டிருந்தால் வழியிலேயே இறங்கிவிடு. காவலன் மனைவியின் தம்பி குதிரையில் இதைக் கொண்டு வருகிறான்.

முடித்துவிட்டேன். அவர்களுக்கு வேண்டிய உரையை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அத்தானின் முத்திரையை என் முன்னால் விரித்து வைத்து, "இல்லாத குழந்தைக்கா அழுதீங்க?" என்றார் கோங். அதன் பிறகு உண்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நீ வந்து சொன்னால் அத்தான் அரசவைக்குப் பொய் முத்திரை வைத்தவர் ஆவார். அவர் போவது இருக்கட்டும். அப்படிப்பட்டவர்களின் பிள்ளையை அரசாங்க அடிமையாகப் பதிந்துகொள்வார்கள். ஹெங்குக்குப் பதினொன்று. அது உனக்குத் தோன்றாமலா இருக்கும்? தோன்றியும் வரத் துணிந்தாய் என்பதுதான் எனக்குப் பயம்.

எழுதியதைக் கேள். மஞ்சள் என்றால் அரசவை. வெள்ளை என்றால் துக்க உடை. போன அரசருக்காகத் தனியே அதை உடுத்தி நின்ற பெரிய அமைச்சர். இத்தனை சீக்கிரம் அவிழ்த்தது என்றால், பிள்ளையை வயது வருமுன் அரியணையில் உட்கார வைத்தது. நேற்றைய மழை, போன அரசரின் கருணை. விளக்குமாறு, நல்லவர்களைக் கூட்டித் தள்ளுகிற இந்த மன்றம். எழுத எழுத கோங் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "அடடா, இப்பத்தான் கவிதை புரியுது!" என்றார். எப்படிப் பொருந்துகிறது பார், அக்கா. உன் வார்த்தை ஒன்றைக் கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

தலை தப்பியது. தென்கடல் தீவுக்கு நாடு கடத்துகிறார்கள். அங்கே போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு என்று காவலன் சொன்னான். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமே என்று ஒரு வெங்காயம் கொடுத்தான்.

மின்மினை நான் அமைச்சர் ஆக்கிவிட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். வராதே, அது மட்டும்.

சோங்

*

லோயாங்
ஆறாம் மாதம், மூன்றாம் நாள்

சோங்,

பாதி வழியில் இறங்கித் திரும்பினேன். இந்தக் கடிதத்தை உப்பு வியாபாரி ஒருவரிடம் கொடுக்கிறேன். ஆற்றங்கரைச் சாவடியில் உன்னைப் பிடித்துவிடலாம் என்றார். பஞ்சு வைத்த மேலங்கியும் உலர்ந்த இஞ்சியும் இருக்கின்றன. தெற்கே பஞ்சு எதற்கு என்று கேட்காதே, காய்ச்சல்காரனுக்குக் குளிரும்.

உன் உரையோடு சேர்த்துக் கவிதையை ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு வாழ்நாளில் இத்தனை வாசகர்கள் கிடைப்பார்கள் என்று நினைக்கவில்லை. மீன்காரி கூடச் சொல்கிறாள். 'விளக்குமாறே' என்ற இடத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

போன வாரம் ஹெங்கின் பள்ளியில் அதுதான் பாடம். ஓடி வந்து எனக்கு விளக்கினான்.

"அம்மா, வெள்ளைன்னா யாருன்னு தெரியுமா? அந்தத் துரோகி அமைச்சராம். மழைன்னா மழை இல்லையாம்."

"அப்படியா?"

"ஆமா. ஆனா அம்மா..." குரலை இறக்கினான். "நம்ம பின்கட்டுலயும் ஒரு வெள்ளை இருந்துச்சில்ல? தங்கச்சி சோறாக்குவாளே?"

நான் அவன் வாயைப் பொத்தினேன். என் கையால், சோங். அவனைத் தவிர இந்த வீட்டில் அவளை 'தங்கச்சி' என்று சொல்ல ஆளில்லை. அவன் வாயைத்தான் பொத்தினேன்.

அந்தச் செடி இப்போது இல்லை. ஆள் வந்துபோன மறுநாளே அவர் வேரோடு தோண்டி எடுத்துவிட்டார். வெங்காயம் போட்டிருக்கிறார்.

உன் மேல் எனக்குக் கோபம் தீர்ந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் ஹெங்குக்காக நீ செய்ததை நான் அறிவேன். இரண்டும் ஒரே நெஞ்சில்தான் கிடக்கின்றன, ஒன்று மற்றதைத் தள்ளவில்லை. இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடி.

ருயி

*

தெற்கு நெடுஞ்சாலை, மலையடிவாரச் சாவடி
எட்டாம் மாதம், பதினைந்தாம் நாள்

அக்கா,

மேலங்கி கிடைத்தது. நீ சொன்னது சரி, குளிருகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வருகிறது. வராத நாளில் நடக்கிறோம். மலைக்கு இந்தப் பக்கம் பூக்களே வேறு. எனக்குப் பெயர் தெரியவில்லை. பெயர் தெரியாததால் எந்தப் பூவும் யாரையும் குறிக்கவில்லை. பார்த்துக்கொண்டு நடக்க நிம்மதியாக இருக்கிறது.

உனக்கு ஒரு நல்ல செய்தி. வழிப்போக்கர்கள் சாவடிச் சுவரில் கவிதை எழுதிவிட்டுப் போவார்கள் அல்லவா? இங்கே ஒவ்வொரு சாவடியிலும் சுவர் கறுத்துக் கிடக்கிறது, அத்தனை பேர் அத்தனை துக்கம். என் காவலர்கள் இருவருக்கும் படிக்கத் தெரியாது. இத்தனை பேர் எழுதியதில் மன்றம் என் ஆறு வரியைத் தேடியா இவ்வளவு தூரம் வரப்போகிறது? பெரியவன் மை கூட அரைத்துக் கொடுக்கிறான். "எழுதுங்கய்யா, எழுதுனா நீங்க புலம்புறது குறையுது" என்கிறான்.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? உன்னுடையதை. அதன் பழைய தலைப்போடு. 'மகள் மின்மின் ஆறு வயதில் போனபின், பின்கட்டைப் பார்த்து. எழுதியவர் லோயாங் மெங் ருயி.' ஆற்றங்கரைச் சாவடியில் எழுதினேன், அடுத்ததில் எழுதினேன், இங்கேயும் எழுதிவிட்டேன். ஒரு கிழவர் நின்று வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவருக்கு மழை மழையாகத்தான் தெரிந்தது.

வெட்டியதை நானே ஒட்டிவிட்டேன், அக்கா. அவளுக்கு இப்போது பலகை இருக்கிறது. உன் பெயரும் இருக்கிறது. கடன் தீர்ந்த மாதிரி உடம்பு லேசாக இருக்கிறது.

சோங்

*

லோயாங்
பத்தாம் மாதம், இரண்டாம் நாள்

அட பாவி,

நீ எப்போதடா நிறுத்துவாய்?

வடக்கே திரும்பிய ஒரு அதிகாரி சுவரைப் பார்த்து, நகல் எடுத்து, மன்றத்தில் கொடுத்துவிட்டார். கோங் இந்த முறை ஆள் அனுப்பவில்லை, அவரே வந்தார். திரைக்குப் பின்னால் இருக்க விடவில்லை. என்னை நடுக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் உங்கள் அத்தான். இன்னொரு பக்கம் ஹெங்.

நீ சொன்னபடியே அவர் தன்மையாகத்தான் பேசினார். தேநீர் ஆறிவிடப் போகிறது என்று கூடச் சொன்னார்.

"அம்மா, உங்களுக்கு எழுதத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்பா பெரிய படிப்பாளியாச்சே?"

"பையனுக்குத்தான் சொல்லிக்கொடுத்தாரு."

தூரிகையை என் கையில் கொடுத்து, பெயரை எழுதச் சொன்னார். நான் அதைச் சட்டுவம் பிடிக்கிற மாதிரி முழுக்கையால் பிடித்தேன். தாளில் மை கொட்டியது. எல்லோரும் பார்த்தார்கள். அப்பா பிடிக்கக் கற்றுக்கொடுத்த விரல்கள் தானாக மடங்கப் பார்த்தன. பல்லைக் கடித்து விரித்து வைத்துக்கொண்டேன்.

பிறகு அதைக் கேட்டார்.

"உங்களுக்கு மின்மின்னு ஒரு பொண்ணு இருந்தாளா?"

ஹெங் என்னைப் பார்த்தான். நான் ஹெங்கைப் பார்த்தேன். அவனை இழுத்துக்கொண்டு போய் அடிமையாகப் பதிவதற்கு வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள்.

"இல்லங்க. எனக்குப் பொண்ணே கிடையாது."

பெருவிரலை மையில் தோய்த்து வைத்தேன். அவ்வளவுதான். அவர் போனபிறகு ஹெங் கேட்டான்: "இனிமே யாராவது கேட்டா, நானும் இல்லைன்னு சொல்லணுமாம்மா?" ஆமாம் என்றேன். அன்றிலிருந்து அவன் என்னிடம் வேண்டியதற்கு மேல் பேசுவதில்லை.

அவள் அப்பா, 'மகள் இல்லை' என்று சொன்னபோது எனக்கு உள்ளே ஒன்று பாக்கி இருந்தது. நான் சொல்லவில்லையே என்று. அதையும் நீ விட்டு வைக்கவில்லை. இரண்டு தடவை என் துக்கத்தை ஊர் நடுவே கொண்டுபோய் வைத்தாய், இரண்டு தடவையும் அன்பால்தான் வைத்தாய். அதனால்தான் உன்னைச் சபிக்கக் கூட முடியவில்லை.

சாவடிச் சுவர்களை எல்லாம் சுரண்டிச் சுண்ணாம்பு பூசிவிட்டார்களாம். இனி அவள் சுவரில் இல்லை, ஏட்டில் இல்லை, பின்கட்டில் இல்லை. ஹெங் மறந்துவிடுவான், மறக்கத்தான் வேண்டும். உன்னிடமும் என்னிடமும் மட்டும்தான் இருக்கிறாள்.

ஆகவே ஒழுங்காகச் சாப்பிடு. கஞ்சியாவது குடி. நீயும் போய்விட்டால் நான் ஒருத்தியாக அவளைச் சுமக்க வேண்டும். என்னால் ஆகாது. சாகாதே, சோங். கெஞ்சிக் கேட்கிறேன்.

இதைப் படித்ததும் எரித்துவிடு. எழுதத் தெரியாதவள் எழுதியது.

*

தென்கடல் தீவு
பன்னிரண்டாம் மாதம், தேதி சரியாகத் தெரியவில்லை

அக்கா,

எரித்துவிட்டேன். கஞ்சியும் குடித்தேன். மீனவன் வீட்டில் ஒரு மூலை கொடுத்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரி உப்பு மீனைச் சுட்டு, "தின்னு, தின்னாம கெடந்தா தூக்கிக் கடல்ல போட்டுருவேன்" என்று மிரட்டி ஊட்டுகிறாள். நேற்று எழுந்து உட்கார்ந்தேன். இன்று கை கொஞ்சம் அடங்கியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். நாளை எப்படி இருக்குமோ தெரியாது.

நீ சொன்னதெல்லாம் சரி. நான் செய்தது அப்படித்தான். ஆனால் நான்காவது வரிக்குப் பதில் இருக்கிறது. பிறகு சொல்கிறேன் என்று சிறையிலிருந்து எழுதினேனே. உன் கடிதத்தில் 'எது அதை அவிழ்த்ததோ அதுதான் அவளைக் கொண்டுபோனது' என்று படித்ததும் பயந்துவிட்டேன். இனிப் பயப்பட என்ன இருக்கிறது? அவளைச் சேர்ந்து சுமக்க வேண்டும் என்கிறாய். என் பங்கில் இருப்பது உனக்குத் தெரிய வேண்டாமா?

பூ பார்க்கும் நாளன்று நானும் உங்களோடுதான் கிளம்பினேன். மஞ்சள் தோட்டத்து வாசலில் கூட்டம் நெரிந்தது. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று திரும்பி வந்துவிட்டேன். அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். தனியாக இல்லை, அக்கா. அந்த மத்தியானம் முழுக்க நான் இருந்தேன்.

ஜன்னல் வழியாகச் செடியைக் காட்டி, "மாமா, இது எப்ப பூக்கும்?" என்றாள்.

"இன்னும் நாளாகும்டி."

"அம்மாவை எல்லாரும் மஞ்சள் பாக்கக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அம்மாவுக்கு வெள்ளைதான் பிடிக்கும். வரும்போது ஒண்ணாவது பூத்திருக்கணும்."

போர்வையோடு தூக்கிக்கொண்டு போனேன். அவளே ஒரு மொட்டைத் தேர்ந்தெடுத்தாள். நான் காம்பைப் பிடித்துக்கொண்டேன், அவள்தான் ஒவ்வொரு இதழாக விரலால் நெகிழ்த்தினாள். அவசரப்படவே இல்லை. ஒன்று கூடக் கிழியவில்லை. நடுநடுவே வாயால் ஊதினாள். முடித்துவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டு, "அம்மாகிட்ட சொல்லாத மாமா. தானா பூத்துச்சுன்னு நினைக்கட்டும்" என்றாள்.

நான் சொல்லவில்லை. நீ விருந்திலிருந்து வருமுன் மன்றாடித் தூங்க வைத்துவிட்டு, அத்தான் கண்ணில் படாமல் கிளம்பிவிட்டேன்.

யார் அவிழ்த்தார்கள் என்று அந்தப் பூவிடம் கேட்டாயே. அவள்தான், அக்கா. நீ வந்து பார்ப்பாய் என்று.

சோங்